ஏத்தச் சொன்னவன் எங்கே?



அத்திப்பட்டு ரோட்டுல நின்னு பாருங்க. ஆர்.சி. புக்கில் 16,200 கிலோ என்று போட்ட பழைய ஆறு சக்கர லாரி. பாடியைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கிற இரும்புக் கம்பி. நுனியில் ஒரு சிவப்புத் துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு! ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பைக்கில் வர்றவர் கண்ணுக்கு அந்தத் துணி தெரியுமா?

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு. பளு கூடினால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்குத் தலா 2,000. சரக்கு வெளியே நீட்டினால் அதுக்கு 20,000. கட்டுறது யாரு? டிரிப் காசுக்கு ஓட்டுற டிரைவர், இல்லன்னா ஒத்தை வண்டியை வெச்சு டியூ கட்டுறவர்!

அதே பிரிவை முழுசாப் படிங்க. ஓட்டியவர் மட்டுமில்ல, ஓட்ட வைத்தவரும் குற்றவாளிதான். டிரெய்லரில் போக வேண்டிய சரக்கை லாரியில் ஏத்தி வாடகையை மிச்சம் பிடிச்சது லோடு கொடுத்த கம்பெனி. இ-வே பில்லில் அனுப்பியவர் பெயரும் இருக்கு, வண்டி நம்பரும் இருக்கு. அதிகாரிகளுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

மீஞ்சூர், எண்ணூர், அத்திப்பட்டு டிரைவர் தோழர்களே, உங்க சலானை கமெண்டில் போடுங்க (பெயர், நம்பரை மறைச்சிடுங்க). ஒரு சலானிலாவது லோடு கொடுத்தவர் பெயர் இருக்கான்னு பார்த்துடுவோம்.