பயணத்தை ஒத்திவைத்தால் ஈமான் குறைந்துவிடுமா?

உம்ராவுக்குப் புறப்படும் ஒருவரை வழியனுப்பும் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே உறவினர் வரத் தொடங்கிவிடுவார்கள். பயணி வீடு வீடாகச் சென்று, தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார். பழைய கடன் தீர்க்கப்படும். பேசாமலிருந்த தம்பியும் வந்து ஸலாம் சொல்வான். பள்ளிவாசலில் துஆ ஓதப்படும். வீட்டில் விருந்து நடைபெறும். இவ்வளவும் முடிந்து, புறப்பட இன்னும் நான்கு நாட்களே இருக்கையில், போகின்ற நாட்டில் புதியதொரு நோய் பரவுகிறது என்று செய்தி வந்தால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வி அன்று. 2020 பிப்ரவரி 27ஆம் நாள், கொரோனா பரவலை முன்னிட்டு, வெளிநாட்டு உம்ரா பயணிகள் வருவதைச் சவூதி அரசு நிறுத்திவைத்தது. அவ்வாண்டு ஹஜ்ஜில் அந்நாட்டிலேயே வசித்தவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் மட்டுமே கலந்துகொண்டனர். 2021இல் 60,000 பேர். அவர்களும் அங்கு வசித்தவர்களே. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்திருந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று அரசு அறிவித்தது. அவர்கள் அழுதார்கள், பொறுத்தார்கள். ஆனால் முடிவெடுக்கும் பாரம் அவர்கள் தோளில் ஏறவில்லை. கதவு மூடப்பட்டுவிட்டால் வாசலில் நிற்பவனுக்குக் குழப்பமில்லை. கதவும் திறந்திருந்து, உள்ளே நோயும் இருக்கும்போதுதான் மனிதன் தடுமாறுகிறான்.

மெர்ஸ் என்னும் நோயின் காலம் அப்படிப்பட்டது. 2012இல் முதன்முதலாகச் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட வைரஸ் அது. ஒட்டகத்திடமிருந்து மனிதனுக்கு வருவது. பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ 35 சதவீதத்தினரைப் பலிகொண்டது. ஆயினும் புனித நகரங்களின் வாயில் அடைக்கப்படவில்லை. முதியோரும், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்ற நாட்பட்ட நோயுடையோரும், கருவுற்ற பெண்களும், சிறுவரும் அவ்வாண்டுப் பயணத்தை ஒத்திவைப்பது நலம் என்று 2013இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவுரை கூறியது. அறிவுரைதான், ஆணையன்று. எனவே முடிவு ஒவ்வொரு வீட்டின் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

அத்தகைய திண்ணைப் பேச்சு ஒன்றில் நானும் அமர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் மூத்தவரான பெரியம்மாவின் உம்ரா பயணம் பற்றிய பேச்சு அது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. அன்று மூன்று குரல்கள் எழுந்தன. மவ்த்து எழுதப்பட்ட இடத்தில்தான் வரும், மக்காவில் வந்தால் அதுவே பாக்கியம் என்றது ஒரு குரல். கட்டிய பணம் திரும்பி வராது என்றது இன்னொரு குரல். ஊருக்கெல்லாம் சொல்லி விருந்தும் வைத்தாயிற்று, இனி நின்றால் என்ன நினைப்பார்கள் என்றது மூன்றாவது. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணத்தைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கவலைப்பட்டவர்கள்கூட, வாயைத் திறந்தபோது அல்லாஹ்வின் நாட்டத்தைப் பற்றியே பேசினார்கள். தவக்குல் என்னும் உயர்ந்த சொல்லுக்குப் பின்னால் எத்தனை சில்லறைக் கவலைகள் ஒளிந்துகொள்கின்றன!

உண்மையான தவக்குல் எப்படிப் பேசும் என்பதை அறிய, நாம் ஸர்கு என்னும் ஊருக்குப் போகவேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டு அவ்வூரை அடைந்தபோது, படைத்தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு வந்து, ஷாமில் தாஊன் என்னும் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தாமே முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். ஒரு காரியத்தை நாடிப் புறப்பட்டபின் திரும்புவது தகாது என்றனர் சிலர். நபித்தோழர்களை நோயின் வாயில் கொண்டுபோய் நிறுத்தலாகாது என்றனர் வேறு சிலர். அடுத்து அன்ஸார்களைக் கேட்டார்கள்; அவர்களும் அவ்வாறே இருகூறாயினர். இறுதியில் குறைஷிகளின் முதியோரை அழைத்தார்கள். அவர்கள் அனைவரும் ஒருமுகமாகத் திரும்பிவிடலாம் என்றனர். காலையில் திரும்புகிறோம் என்று அறிவிப்பாயிற்று.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நம் திண்ணையில் எழுந்த அதே கேள்வி! கேட்டவரோ நம்மைப்போன்றவர் அல்லர். சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் கருத்து இது: ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறுசரிவு வறண்டும் கிடந்தால், ஒட்டகத்தைப் பசுமையில் மேய்ப்பதும் அவன் விதி, வறட்சியில் மேய்ப்பதும் அவன் விதி.

எங்கோ சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அதன் பின்னரே வந்தார்கள். ஓர் ஊரில் அந்நோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லவேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி ஓடி வெளியேறவும் வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் படையினரை விட்டு வர மனமின்றி ஷாமிலேயே தங்கி, ஹிஜ்ரி 18இல் அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே இறையடி சேர்ந்தார்கள். திரும்பியவரைக் கோழை என்றோ, தங்கியவரை அறியாதவர் என்றோ கூற யாருக்கு நாவெழும்? ஒருவர் நபிமொழியின் முதற்பாதியைப் பேணினார். மற்றவர் பிற்பாதியைப் பேணினார்.

நாம் அந்த முதற்பாதியை நம் உயிருக்கான எச்சரிக்கையாக மட்டும் படித்து வருகிறோம். பிற்பாதியையும் சேர்த்துப் படியுங்கள். உள்ளே இருப்பவன் வெளியேறினால் கெடுவது அவன் மட்டுமா? அவன் போய்ச் சேரும் ஊரன்றோ! ஆகவே, 'எனக்கு நோய் வந்தால் வரட்டும்' என்று மார்தட்டுவதில் விடை பாதியே உள்ளது. 'என்னால் யாருக்கு வரும்' என்பதே நாம் கேட்க மறந்த கேள்வி.

நோய் தொற்றுவதில்லை என்றொரு நபிமொழி உண்டே என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்டு. அதனை அறிவித்த அதே நூல்களில், நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு கொண்டு சேர்க்கலாகாது என்ற நபிமொழியும் உண்டு. நோய் தன் சுயசக்தியால் தாவுவதில்லை, அல்லாஹ் அமைத்த காரணங்களின் வழியே தாவுகிறது, அக்காரணங்களை விலக்குவது நம் கடமை என்று அறிஞர்கள் இரண்டையும் இணைத்து விளக்கினர். ஸகீஃப் கூட்டத்தார் நாயகத்திடம் உறுதிமொழி அளிக்க வந்தபோது, அவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தது. உம் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லும் என்று அவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். நாயகத்தின் திருக்கரம் பற்றும் பேற்றுக்காகப் புறப்பட்டு வந்தவர்! கரம் பற்றாமலே அவர் உறுதிமொழி ஏற்கப்பட்டது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள ஒரு நிகழ்ச்சி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. தொழுநோயுற்ற பெண்மணி ஒருவர் கஃபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். மக்களுக்குத் துன்பம் தராதீர், வீட்டிலேயே அமர்ந்துகொள்ளலாமே என்று உமர் (ரலி) அவர்கள் கூறவே, அவர் வீட்டில் அமர்ந்துவிட்டார். உமர் (ரலி) அவர்கள் மறைந்தபின் ஒருவர் வந்து, தடுத்தவர் இறந்துவிட்டார், இனி வெளியே வரலாம் என்றார். அவர் உயிரோடிருந்தபோது கட்டுப்பட்டுவிட்டு, இறந்தபின் மாறு செய்பவள் நான் அல்லள் என்று அப்பெண்மணி மறுத்துவிட்டார். கஃபாவுக்கு அருகிலேயே வாழ்ந்து, அதனைச் சுற்றாமல் வீட்டில் அமர்ந்திருந்த அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.

போகும்போது நலமாகவே போகிறோமே என்பீர்கள். சரி, திரும்பும்போது? 2015 மே மாதத்தில் மத்தியக் கிழக்கு நாடுகளுக்குச் சென்று தென் கொரியா திரும்பினார் ஒருவர். வந்திறங்கிய அன்று அவருக்குக் காய்ச்சலில்லை. சில நாள் கழித்து உடல் நலமற்று மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாகச் சென்றார். மெர்ஸ் என்று தெரிவதற்குள் பலருக்குப் பரவிவிட்டது. அந்த ஒரு பயணத்திலிருந்து 186 பேர் நோயுற்றனர். 38 பேர் மாண்டனர். 16,000க்கும் மேற்பட்டோர் தனிமையில் வைக்கப்பட்டனர். அவர் தீயவர் அல்லர். அறியாதவர், அவ்வளவே.

இனி நம் ஊரை நினைத்துப் பாருங்கள். மக்காவிலிருந்து ஒருவர் திரும்பினால் தெருவே திரண்டு வந்து முஆனகா செய்கிறது. ஒரே கிண்ணத்தில் ஸம்ஸம் நீர் கைமாறுகிறது. பயணி தம் கையாலேயே பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருக்கும் கிழவியாரையும் சென்று பார்த்து நெற்றியில் கை வைத்து ஓதிவிட்டு வருகிறார். இதைவிட அழகான வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் இதைவிட விரைவாக ஒரு நோயை ஊர் முழுவதும் கொண்டு சேர்க்கும் வழியும் இல்லை. மெர்ஸ் உடலுக்குள் புகுந்து 14 நாள் வரை வெளித்தெரியாமல் இருக்கக் கூடியது. நோய்க்காலத்தில் போய்த்தான் ஆகவேண்டுமென்றால், திரும்பியபின் இரு வாரம் கதவடைத்து வீட்டிலிருக்கும் துணிவு உங்களுக்கு உண்டா? போவதற்கு முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இது.

நம் பாட்டனார் காலத்தவர் இந்தத் துணிவை விரும்பிப் பெறவில்லை, கட்டாயத்தால் பெற்றார்கள். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் வாந்திபேதி பரவி, வந்தவர்களில் ஏறத்தாழ 15,000 பேர் மடிந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். திரும்பிய கப்பல்களோடு அந்நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அதன் பின்விளைவாக 1882 முதல் செங்கடலில் உள்ள கமரான் தீவில் ஹாஜிகளின் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. கிழக்கேயிருந்து சென்றவர்கள் அந்த வெயில் தீவில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தபின்னரே ஜித்தா செல்லமுடிந்தது. அதிகாரிகளின் கெடுபிடியும் கட்டணமும் பற்றி அவர்கள் வைத்த குறைகள் நியாயமானவை. காத்திருப்பின் நோக்கத்தை மட்டும் குறைகூற முடியாது.

இன்றோ தடுப்பூசி இருக்கிறது. மூளைக்காய்ச்சலுக்கு எதிரான ஊசி ஹஜ் பயணிகளுக்குக் கட்டாயம். (அது வைரஸால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது; வேறுபாடு மருத்துவருக்கு முக்கியம், நம் பேச்சுக்கு அன்று.) ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இஹ்ராம் உடுத்துமுன்னரே ஒரு பொய்யைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படும் பயணத்துக்கு என்ன பெயர் வைப்பது?

பிழைப்புக்காகக் கடல் கடந்திருப்போரின் நிலை வேறு. விடுமுறை முடிந்து குறித்த நாளில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும், விசா காலாவதியாகிவிடும் என்னும் இளைஞனிடம், வீட்டிலேயே இரு என்று கூறிவிட்டு நாம் சோறு போடப்போவதில்லை. அவனுக்குப் பயணம் தேவை. உம்ராவோ பெரும்பாலும் காத்திருக்கக் கூடியது. ஆயுளில் ஒருமுறை அது கடமை என்னும் ஷாஃபி மத்ஹபிலும், ஸுன்னத்து என்னும் ஹனஃபி மத்ஹபிலும், வழியில் பாதுகாப்பில்லாதபோது புறப்பட்டே தீரவேண்டும் என்ற சட்டமில்லை.

ஹிஜ்ரி 6இல் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்கென்றே இஹ்ராம் உடுத்திப் புறப்பட்டு, ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டுத் திரும்பினார்கள். மக்கா எட்டும் தூரத்தில் இருந்தது. தோழர்கள் துயரத்தால் அசைவற்று நின்றார்கள். தாங்களே முதலில் பலியிட்டு முடி களையுங்கள், அவர்கள் பின்தொடர்வார்கள் என்று ஆலோசனை சொன்னவர் நாயகத்தின் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்கள். மறு ஆண்டு அவர்கள் மக்காவுக்குள் நுழைந்தார்கள்.

ஆனால் எல்லோருக்கும் மறு ஆண்டு வாய்ப்பதில்லை. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு உரிமையில்லை. அன்று திண்ணையில், இவ்வாண்டு வேண்டாம் என்று சொன்னவன் நான். பெரியம்மா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. நிய்யத்தை அல்லாஹ் அறிவான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார். 2014ஆம் ஆண்டு ரமலானுக்கு முன்பே அவர் மறைந்தார், கஃபாவைக் காணாமலே.

நான் சொன்னது பிழையா என்று பல இரவுகள் எண்ணியிருக்கிறேன். அவர் சென்றிருந்தால் நோயே அண்டாமல் திரும்பியிருக்கவும் கூடும். இன்று அதே நிலை வந்தால் அதையேதான் சொல்வேன். ஆயினும் அதைச் சொல்லும்போது என் குரல் முன்போல் உரத்து ஒலிக்காது. நோய் தணிந்தபின் அவர் மூத்த மகன் முதலில் தனக்காகவும், பின்னர் தாயின் பெயரால் பதலாகவும் உம்ரா செய்துவிட்டு வந்தார். பயணத்துக்கென்று பெரியம்மா வாங்கி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துப்பட்டியை அவர் உடன் எடுத்துச் சென்றிருந்தார். ஸம்ஸம் நீரில் நனைத்து, அங்கேயே உலர்த்திக் கொண்டுவந்த அந்தத் துப்பட்டி இப்போது அவர் மகளிடம் இருக்கிறது.