பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஹை-ஃபை

வருஷக் கடைசி வந்தா போதும், 'இந்த ஆண்டின் சிறந்த ஸ்பீக்கர்', 'சிறந்த ஆம்ப்ளிஃபயர்' என்று பட்டியல்கள் வரிசைகட்டி வரும். பிரிட்டனின் 'வாட் ஹை-ஃபை' சஞ்சிகை விருதே கொடுக்குது. நானும் விடாம வாசிக்கிற ஆள்தான். பார்த்து ஆசைப்பட காசா பணமா? ஆனா அந்தச் சாமான்களை யாரும் ஒரு லயக் காம்பராவில் வைத்துக் கேட்டுப் பார்த்து மார்க் போட்டிருக்க மாட்டார்கள்.

அட்டன், மஸ்கெலியா பக்கம் தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் என்ன வாங்குகிறோம்? பெரிய பஃபல் பெட்டி. எட்டு இஞ்ச் வூஃபர், கலர் லைட்டு, பெட்டியில் '5000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. அந்த 5000 வெறும் விளம்பரக் கணக்கு. தொடர்ச்சியாகத் தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்டைப் பார்த்தால் பல பெட்டிகள் 20, 30-ஐத் தாண்டாது. வாட் இரண்டு மடங்கானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது கொஞ்ச வித்தியாசம். நாளுக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்திருந்தது. நாள் சம்பளத்தில் தவணை கட்டுகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்க வேணும்.

காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால், அறையும் ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடும். 12 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸிலும் சத்தம் தானாக வீங்கும். பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் கிக் டிரம்மும் இருப்பது அந்த இடத்தில்தான். பெரிய வூஃபரை மூலையில் வைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சலாகி, பாடுறவர் குரலையே முழுங்கிவிடும். பக்கத்துக் காம்பராவுக்குப் பாட்டும் போகாது, வார்த்தையும் போகாது. அந்த 'ம்ம்ம்' மட்டும் சுவரைத் தாண்டிப் போகும். அங்கே காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய அக்கா தூங்குது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கு.

இதைச் சொன்னா, "லயத்துல இருக்கிறவனுக்கு எதுக்கு ஹை-ஃபை, ஒரு ரேடியோ போதாதா?" என்று கேட்கும் ஆட்களும் உண்டு. அவர்களோடுதான் என் சண்டை. நல்ல சத்தத்துக்குப் பங்களா தேவையில்லை. 1970-களில் பிபிசி, வெளியிட ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்க எல்.எஸ். 3/5ஏ என்று ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓரடி. பேஸ் குறைவுதான், ஆனால் மனுஷக் குரல் அசலாக வரும். அம்பது வருஷம் ஆகியும் ஒலிப்பிரியர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். வேனுக்குச் சரியென்றால் காம்பராவுக்கு ஏன் சரிவராது?

அதை வாங்கும் விலை நமக்கு இல்லை, சரி. ஆனா அந்த யோசனைக்கு விலை இல்லையே. இந்த ஆண்டுக்கு என் தெரிவு இதுதான்: நாலு இஞ்ச் வூஃபர் உள்ள பழைய ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அதோடு டிபிஏ 3116 சிப் போட்ட சின்ன ஆம்ப் ஒன்று. போனிலிருந்து ஒரு வயர். ஸ்பீக்கரை காது உயரத்தில், மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். வாங்கும்போது வூஃபரின் ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்பொஞ்ச் என்றால் வேண்டாம், நம்ம ஊர் ஈரத்துக்கு உதிர்ந்துடும். ரப்பர் என்றால் எடுக்கலாம். தென்மேல் பருவ மழை தகரத்தில் அடிக்கும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது, அந்த நேரம் நிப்பாட்டிடுங்க.

ஹெட்போன் மாட்டினா பிரச்சினை தீருமே என்பார்கள். தீரும். ஆனால் இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய காலத்தில், ஒரு ரேடியோவை இஸ்தோப்பில் வைத்தால் பக்கத்துக் காம்பராக்களும் சேர்ந்து கேட்டன. மத்திய அலையில் உயர்ந்த சுரங்கள் பாதி வராது, ஹை-ஃபை என்று சொல்லவே முடியாது. ஆனாலும் குரல் தெளிவாக இருந்தது, அது போதுமாக இருந்தது. பத்துப் பேர் பத்து ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தீர்வாகத் தெரியல.

உண்மையில் நம்ம ஸ்பீக்கரை விட மோசமான சாமான் அந்தப் பொதுச் சுவர்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்று எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம். வீட்டுப் பிரச்சினை பேசும்போது கூரை, கக்கூஸ், காணி உறுதி எல்லாம் பேசுவோம். பேச வேண்டியவைதான். பக்கத்து வீட்டுச் சண்டையும் இருமலும் கேட்காமல் தூங்குகிற உரிமையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். நமக்குப் பிடித்த பாட்டை யாருக்கும் தொந்தரவில்லாமல் போடுவதும் அதில் அடங்கும்.

தனி வீடு ஏற்கனவே கிடைத்தவர்களுக்கு என் தெரிவு வேற. ஆறரை இஞ்ச் வூஃபர் தாராளமா எடுங்க, பின் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்க. மழைக் காலத்தில் தடிச்ச துணி போட்டு நாள்கணக்கா மூடி வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.