நாற்பதுக்குப் பின் நாணம் எதற்கு?

"நாற்பது வயதைக் கடந்தவளுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்போர் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். வீட்டு வேலையே போதும் என்பர். பாட்டிமார் யோகம் பயின்றா வாழ்ந்தனர் என்பர். கேட்பதற்கு இனிய வாதம். ஆயின் உண்மைக்கு நெடுந்தொலைவில் நிற்பது.

பாட்டிமார் உழைத்தனர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளிகளைச் சுமந்தனர். அவர்தம் பேத்தியரோ தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டனர். துணியைப் பொறி துவைக்கிறது. மாவைப் பொறி அரைக்கிறது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் இருந்த இடத்திலேயே பணி. உழைப்பு போயிற்று; உணவோ பழைய அளவிலேயே நின்றது. விளைவு யாது? மலேசியாவில் வளர்ந்தோருள் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டென்று 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வு காட்டியது. இந்தியரிடையே அவ்விழுக்காடு மேலும் மிகுதி. வீட்டு வேலை போதும் என்போர் இக்கணக்குக்கு என்ன விடை கூறுவர்?

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு விரைந்து தேய்கிறது. விரைந்த நடையும் எடை தூக்கும் பயிற்சியும் அத்தேய்வை மட்டுப்படுத்தும். இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்ளும். ஆசனங்கள் மூட்டுக்கு நெகிழ்வும் உடலுக்குச் சமநிலையும் தரும். மூச்சுப் பயிற்சி மனப்பதற்றத்தைத் தணிக்கும். மருந்தை விலக்கும் மாயமென யோகத்தை விற்போர் கண்டிக்கத்தக்கோரே. அது மருந்துக்குத் துணை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த குறைந்த அளவு, வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கமும், இரு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியுமே. தொலைக்காட்சித் தொடர்களுக்குச் செலவாகும் நேரத்தில் இது ஒரு சிறு கூறன்றோ?

உடல்நலத்தினும் பெரிய பேறு ஒன்றுண்டு. தரையில் அமர்ந்தால் எழ முடியுமோ என்றஞ்சியவள், பிறர் கைகொடாமல் எழும் நாளில், தன் உடல் இன்னும் தன் ஆணைக்கு அடங்குகிறது என்று தெளிகிறாள். கணவருக்கும் மக்களுக்கும் என்றே நாளை அளந்து கொடுத்தவள், அரைமணியைத் தனக்கென ஒதுக்கத் துணிகிறாள். அத்துணிவே தன்னம்பிக்கையின் முதற்படி. அதனைத் தன்னலம் என்பது அறியாமை.

திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்திற்கே அளித்தார். அவர் நூலை மேடையில் போற்றிவிட்டு, பூங்காவில் நடக்கும் பெண்ணை ஏளனம் செய்வது எந்த மரபு?

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாலை வேளையில் அவற்றின் மண்டபங்கள் அன்னையர்க்குத் திறக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தகுதியுள்ள பயிற்றுநரை அமர்த்தட்டும். மாணவர் தம் அன்னையரை அழைத்து வரட்டும். அந்நேரம் அடுப்படியைத் தந்தையர் பார்த்துக்கொள்ளட்டும். தாய் தளர்ந்தால் இல்லம் தளரும். இல்லம் தளர்ந்தபின் பள்ளி எதைக் கட்டி எழுப்பும்?