‘காப்பி முடிந்தது’ என்றால் முடிந்துவிட்டதா?

கல்யாண போட்டோக்களை கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவுக்கு ஏற்றுகிறார் பெண்ணின் மாமா. ‘காப்பி முடிந்தது’ என்றதும் சட்டென்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கடைசி சில படங்கள் திறக்கவே இல்லை.

இதற்குக் காரணம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு பழக்கம். பென் டிரைவிலும் டிஸ்க்கிலும் எழுத நேரம் பிடிக்கும். அதனால் தகவலை முதலில் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக எழுதும். பரபரப்பான மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை, ‘எழுதிக்கிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு நோட்டில் எழுதுவதைப் போல!

‘நிஜமாகவே எழுதியாயிற்றா?’ என்று மென்பொருள் கேட்பதற்கு ‘எஃப்சிங்க்’ என்றொரு கட்டளை உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். மேக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டளை தகவலை டிஸ்க் வரை கொண்டு சேர்க்கும். டிஸ்க் தன் தற்காலிக மெமரியிலேயே அதை வைத்திருந்தால் பொறுப்பேற்காது. முழு உறுதிக்கு வேறு கட்டளை வேண்டும்.

லினக்ஸின் குணம் 2018-ல் பலரை அதிரவைத்தது. ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்பது உலகெங்கும் பயன்படும் டேட்டாபேஸ் மென்பொருள். எழுதும்போது பிழை வந்தால் அது மறுபடி கேட்கும். இரண்டாம் முறை ‘ஆச்சு’ என்று பதில் வரும். உண்மையில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. பிழையை ஒருமுறை சொன்னதோடு, அந்தத் தகவலை ‘எழுதி முடித்தது’ என்று லினக்ஸ் குறித்து வைத்துவிடும்! சுமார் 20 ஆண்டுகளாக அந்தப் பதிலை நம்பியே மென்பொருள் ஓடியிருக்கிறது.

2019 பிப்ரவரியில் தீர்வு வந்தது. பிழை என்றால் மறுபடி கேட்காதே, உடனே நின்றுவிடு. தன்னிடம் உள்ள பதிவேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் எழுது. ஓட்டம் தடைபட்டாலும் பரவாயில்லை, தகவல் தொலையக் கூடாது.

வீட்டுக்கும் இதே பாடம்தான். ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே பென் டிரைவை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் படத்தைத் திறந்து பார்த்தால் போதாது; அது மெமரியிலிருந்தே தெரியக்கூடும். கழற்றி, மறுபடி சொருகி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே ஒரிஜினலை அழிக்கலாம்.