இறுகிய வால்வும் ‘ஆளைக் கூப்பிடும்’ பழக்கமும்

முகாம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனது தலைமுறையைச் சேர்ந்த இலங்கைத் தமிழர் எவருக்கும் மனதில் தோன்றுவது ஒன்றில் இராணுவ முகாம், அல்லது அகதி முகாம். பணம் செலுத்தி, மாதக்கணக்கில் முன்கூட்டியே இடத்தைப் பதிவுசெய்து, குடும்பத்தோடு முகாமில் தங்கிவிட்டு வருவதை உல்லாசம் என்று கருதுகின்ற ஒரு பண்பாட்டை எழுபது வயதைக் கடந்த பின்னரே நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 2018 கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இருக்கும் எனது சகோதரியின் மகன் தன்னுடைய கேம்பர் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கொன்குவின் பூங்காவுக்குச் சென்றார். 1893ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்பட்ட பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட பெருங்காடு அது. அந்தக் காட்டின் அழகைப் பற்றி நிறையவே எழுதலாம். ஆனால், நான் இங்கு எழுத விரும்புவது மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்ரிக் வால்வைப் பற்றி.

கேம்பர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படுகின்ற ஒரு சிறிய வீடு. எங்கள் பக்கத்தில் முதியவர்கள் கரவன் என்று சொல்வார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை, மலசலகூடம் என்று சகலதும் அதற்குள் உண்டு. வீடு என்று வந்துவிட்டால் கழிவும் உண்டுதானே. வண்டியின் அடிவயிற்றில் மூன்று தாங்கிகள் இருக்கின்றன. ஒன்று நன்னீருக்கு. மற்றொன்று கைகழுவிய, குளித்த நீருக்கு. அதைச் ‘சாம்பல் நீர்’ என்கிறார்கள். மூன்றாவது மலசலகூடத்துக்கு உரியது. அதன் பெயர் ‘கறுப்பு நீர்த் தாங்கி’. இந்த மூன்றாவது தாங்கி சுமார் 40 கலன், அதாவது 150 லீற்றர் கொள்ளக்கூடியது. நிறைந்துவிட்டால் 150 கிலோகிராம் பாரம். அந்தப் பாரம் முழுவதையும் தடுத்து நிறுத்துவது ஒரு மெல்லிய தகடு. இரு பக்கமும் இறப்பர் வளையங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடுகின்ற அந்தத் தகட்டை வெளியில் இருக்கின்ற கைப்பிடியால் இழுத்தால் வழி திறக்கும், தள்ளினால் மூடும். மிகவும் எளிமையான பொறிமுறை.

மூன்று நாட்கள் தங்கியிருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். பூங்காவை விட்டு வெளியேறுவதற்கு முன்னர் கழிவகற்றும் நிலையத்தில் தாங்கிகளை வெறுமையாக்கவேண்டும். எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள், பின்னால் ஆறோ ஏழோ. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒருவர் இறங்கி, கையுறை அணிந்து, தடித்த குழாயைப் பொருத்தி, தமது கழிவைத் தாமே தரையிலுள்ள துவாரத்தில் விட்டு, இடத்தைக் கழுவிவிட்டுச் செல்கிறார். விலை உயர்ந்த வண்டிக்காரரும் சரி, பழைய வண்டிக்காரரும் சரி, அதே துவாரத்துக்கு முன்னால்தான் குனிகிறார். நாற்பது வருடங்களுக்கும் அதிகமாகச் செய்தி தேடி அலைந்த எனக்கு அந்த வரிசை ஒரு செய்தியாகவே தோன்றியது.

எங்கள் முறை வந்தது. கறுப்பு நீர்த் தாங்கியின் கைப்பிடியை மருமகன் இழுத்தார். அது அசையவில்லை. மீண்டும் இழுத்தார். பிறகு ஒரு காலை வண்டியின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு இரண்டு கைகளாலும் இழுக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற வண்டியில் இருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஏறக்குறைய ஓடிவந்து, “இழுக்காதீர்கள், விடுங்கள்” என்று சத்தமிட்டார். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியை என்று பின்னர் அறிந்தோம். அந்தக் குரலிலேயே அது தெரிந்தது.

மருமகன் கைப்பேசியை எடுத்தார். “மாமா, இது எங்களால ஏலாது. இதுக்கு ஆளைக் கூப்பிடவேணும்” என்றார். தாங்கியை உறிஞ்சி எடுப்பதற்குப் பாரவூர்தியோடு வருகின்ற சேவையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். அது மதிக்கத்தக்க தொழில். அவர்களை அழைப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், என்ன பழுது என்று வண்டிக்குக் கீழே ஒரு தடவையாவது குனிந்து பார்ப்பதற்கு முன்னரே அந்த வாக்கியம் அவரது வாயில் வந்துவிட்டது. நான் அவரைக் குறைசொல்லவில்லை. எனது வாயிலும் அதுதான் இருந்தது.

அந்த அம்மையார் எங்களை வரிசையிலிருந்து விலகி ஓரமாக நிற்கச் சொன்னார். தமது தாங்கியை வெறுமையாக்கிவிட்டு வந்து, முதலில் கேட்ட கேள்வி, கடைசியாக எப்போது இதைக் கழுவினீர்கள் என்பது. மருமகன் தயக்கத்துடன் உண்மையைச் சொன்னார். முந்தைய இலையுதிர் காலத்தில் அவசரம் அவசரமாக வெறுமையாக்கி, தண்ணீர் விட்டு அலசாமல் அப்படியே மூடி, குளிர்காலம் முழுவதும் வண்டியை நிறுத்திவைத்திருக்கிறார். தகடு ஓடுகின்ற பள்ளத்தில் காகிதமும் மற்றவையும் படிந்து காய்ந்து சீமெந்தைப் போன்று இறுகிவிட்டன. இறப்பர் வளையங்களும் காய்ந்துவிட்டன. அதை முழுப் பலத்தோடு இழுத்தால் தகடு வராது. கைப்பிடியை வால்வுடன் இணைக்கின்ற கம்பிதான் அறுந்துபோகும். அதன் பிறகு நூறு லீற்றருக்கு மேற்பட்ட கழிவு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, கீழே படுத்துக்கொண்டு வால்வைக் கழற்றவேண்டிவரும்.

அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால், அதில் இருந்த ஒழுங்கு என்னை வியக்கவைத்தது. முதலில் அவர் இறுகிய வால்வைத் தொடவே இல்லை. வெளிவாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்து, அதன் மூடியைக் கழற்றி, தமது வண்டியிலிருந்து கொண்டுவந்த இன்னொரு வால்வை அந்த வாயில் திருகிப் பொருத்தி மூடினார். உள்ளே இருப்பது திடீரென்று இளகித் திறந்துகொண்டால் தடுப்பதற்கு வெளியே இன்னொரு கதவு வேண்டும் என்பது அவரது கணக்கு. பெரும்பாலான விபத்துக்கள், வால்வு மூடியிருப்பதாக நம்பி வெளிமூடியைக் கழற்றுவதால் ஏற்படுபவை என்றும் சொன்னார். 2006இல் வெளியான ‘ஆர்.வி.’ என்ற ஹொலிவூட் படத்தில் ரொபின் வில்லியம்ஸ் கழிவில் நனைகின்ற காட்சி ஒன்று வருகின்றது. திரையில் சிரிக்கலாம்.

பிறகு கம்பியை வால்விலிருந்து கழற்றித் தனியாக இழுத்துப் பார்த்தார். அது தங்குதடையின்றி ஓடியது. எனவே, பழுது கம்பியில் அல்ல, தகட்டில்தான் என்று உறுதியானது. பல சமயங்களில் நல்ல வால்வைப் பிழை சொல்லிக் கழற்றுகிறார்கள். உண்மையில் துருப்பிடித்தது கம்பியாக இருக்கும் என்றார். தாங்கி வெறுமையாக இருந்திருந்தால் வெந்நீரை மலசலகூடத்தின் வழியாக ஊற்றி ஊறவிட்டிருக்கலாம். நிறைந்த தாங்கியில் ஒரு கேத்தல் வெந்நீர் என்ன செய்யும்? ஆகவே, துணிகளைச் சூடான நீரில் நனைத்து வால்வைச் சுற்றி வெளிப்புறமாகக் கட்டினார். கொதிநீர் ஆகாது, பிளாஸ்ரிக் நெளிந்துவிடும். எனது வேலை கேத்தலில் தண்ணீர் சூடாக்கிக் கொடுப்பது. தகட்டின் தண்டு உள்ளே நுழைகின்ற இடத்தில் சிலிக்கோன் தெளித்தார். வாகன எண்ணெய் அடிக்கலாமே என்று மருமகன் கேட்டபோது, பெற்றோலிய எண்ணெய் இறப்பரை ஊதிப்போகச் செய்யும், இன்றைக்கு இளகும், அடுத்த மாதம் ஒழுகும் என்றார்.

இறுதியாகக் குறட்டால் தண்டைப் பிடித்து, இழுப்பதற்குப் பதிலாக உள்ளே தள்ளினார். மயிரிழையளவு. பின்னர் வெளியே மயிரிழையளவு. கம்பியைப் பிடித்த கோபம் எதுவும் அந்தக் கைகளில் இல்லை. மர ஆப்பின் பிடியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினார். துணியை மாற்றினார். மீண்டும் தள்ளல், மீண்டும் இழுவை. ஏறக்குறைய நாற்பது நிமிடங்களுக்குப் பின்னர் தகடு ஒரு விரலளவு அசைந்தது. பிறகு முழுவதுமாக வந்தது. உள்ளே இருந்தது வெளிவால்வில் வந்து மோதிய சத்தத்தைக் கேட்டபோதுதான் அவர் முதலில் செய்த காரியத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது.

இந்தத் தாங்கிகளைப் பொறுப்பின்றித் திறப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். 2004 ஆகஸ்ட் 8ஆம் திகதி சிக்காகோ நகரில், டேவ் மத்யூஸ் இசைக்குழுவின் சுற்றுப்பயண பஸ் ஒன்றின் சாரதி, ஆற்றின் மீதுள்ள இரும்புச் சட்டகப் பாலத்தில் வைத்துத் தாங்கியைத் திறந்துவிட்டார். சுமார் 800 இறாத்தல் மனிதக் கழிவு, அந்த நேரத்தில் கீழே சென்றுகொண்டிருந்த உல்லாசப் படகின் பயணிகள் மீது கொட்டியது. முதலில் மறுத்த சாரதி பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 10,000 டொலர் தண்டப்பணமும் 150 மணித்தியாலச் சமூகசேவையும் விதிக்கப்பட்டன. இசைக்குழு 200,000 டொலர் செலுத்தி இணக்கத்துக்கு வந்தது. யாராவது ஒருவரின் தலையில் விழும், அந்த யாரோ நாமல்ல என்ற எண்ணம்தான் அந்தப் பாலத்தில் வால்வைத் திறந்தது.

இதை அமெரிக்கரின் கதை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட இயலாது. எனது இளமைக்காலத்தில் வடபகுதிக்கு ஓடிய புகையிரதங்களில் கழிவு நேராகத் தண்டவாளத்தில்தான் விழுந்தது. புகையிரத நிலையத்தில் வண்டி நிற்கும்போது பாவிக்கவேண்டாம் என்ற அறிவித்தலோடு எங்கள் பொறுப்பு முடிந்துவிடும். தண்டவாளத்தில் நடந்து திரிகின்ற தொழிலாளியைப் பற்றி எவரும் யோசித்ததாக நினைவில்லை. அதற்கும் முன்னர், 1950களில் யாழ்ப்பாண நகரில் வாளி மலசலகூடங்கள் இருந்தன. வீட்டின் பின்புறம் ஒரு சிறு கதவு. அதற்கு அப்பால் ஒழுங்கை. விடிவதற்கு முன்னர் ஒருவர் வந்து வாளியை எடுத்துச் செல்வார். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்த வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தவர் அவர். எங்கள் வீட்டுக்கு வருடக்கணக்கில் வந்த அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. அவர் வராத நாட்களில் மாத்திரம் அவரைப் பற்றி வீட்டில் கதைப்பார்கள். ‘ஆளைக் கூப்பிடு’ என்ற சொற்றொடருக்கு எங்களிடத்தில் இத்தகைய ஒரு வரலாறு இருக்கின்றது. அந்த ‘ஆள்’ யார், எந்தச் சாதி என்பது சொல்லாமலே விளங்கிக்கொள்ளப்பட்டது.

இந்தியாவில் 1993இலும் பின்னர் 2013இலும் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து சட்டங்கள் இயற்றப்பட்டன. அதற்குப் பிறகும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கியவர்கள் நச்சுவாயு தாக்கி இறந்துகொண்டே இருந்தார்கள். 2023 அக்டோபரில் இந்திய உயர் நீதிமன்றம் இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தவேண்டியிருந்தது. அந்தக் குழியிலும் கேம்பரின் தாங்கியிலும் உருவாகின்ற வாயுக்கள் ஒன்றுதான். இங்கே கையுறையும் திறந்தவெளியும் இரண்டாவது வால்வும் இருக்கின்றன. அங்கே மனித உடலே வால்வாகிவிடுகிறது.

இன்னுமொன்று. புதிய கேம்பர்கள் சிலவற்றில் இந்த வால்வுகளை வண்டியின் அடித்தட்டுக்கு மேலே மறைத்து, நீண்ட கம்பியை வளைத்து வளைத்துக் கொண்டுவந்து வசதியான இடத்தில் கைப்பிடி வைக்கிறார்கள். குளிரிலிருந்து பாதுகாப்பதற்கு என்று காரணம் கூறுகிறார்கள். ஓரளவுக்கு அது உண்மையே. ஆனால், பழுது வந்தால் அடித்தட்டை வெட்டாமல் வால்வைக் காணவே முடியாது. நான்கு ஆணிகளைக் கழற்றி மாற்றக்கூடிய, சில பத்து டொலர் பெறுமதியான ஒரு பாகத்தைச் சொந்தக்காரரின் கை எட்டாத இடத்தில் வைப்பது எந்த வகையில் நியாயம்? தமது கழிவுக்குத் தாமே பொறுப்பு என்று வளர்ந்த ஒரு நல்ல வழக்கத்தைத் தயாரிப்பாளர்களே மெல்ல மெல்லக் கெடுக்கிறார்கள் என்பது எனது அபிப்பிராயம்.

நாங்கள் மீண்டும் வரிசையில் நின்று, தாங்கியை வெறுமையாக்கி, மூன்று தடவைகள் அலசிவிட்டுப் புறப்பட்டோம். அம்மையாரின் வால்வைக் கழுவித் திருப்பிக் கொடுக்க முயன்றபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். பணம் கொடுக்க எத்தனித்த மருமகனைப் பார்த்த பார்வையில், பாடசாலையில் எத்தனை பிள்ளைகளை அவர் அடக்கியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டேன்.

செப்டெம்பரில், நான் கொழும்புக்குத் திரும்பிய பின்னர், மருமகன் தொலைபேசியில் பேசினார். வால்வை முற்றாக மாற்றிவிட்டாராம். தாங்கியைக் கழுவி வெறுமையாக்கி, நான்கு ஆணிகளையும் கழற்றி, இறப்பர் வளையங்களையும் புதிதாகப் போட்டிருக்கிறார். மகன் கீழே படுத்திருந்து ரோர்ச் லைற் பிடித்தானாம். மனைவி இருவரையும் வெளிக்குழாயில் குளித்த பின்னரே வீட்டுக்குள் விட்டிருக்கிறார். “மாமா, கொழும்பில உங்கட வீட்டுக் குழாய் அடைச்சால் இனி என்ன செய்வீங்கள்?” என்று சிரித்தார். அந்த வாரம்தான் எங்கள் மாடிக்குடியிருப்பில் குழாய் அடைத்து, நான் ஓர் ஆளைக் கூப்பிட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.