குண்டுப் பையனைக் கூப்பிடாதீங்க!



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், "நாளைய பாரதம் நம் கையில்" இருக்கும். இந்தத் தடவை ரக்பிக்கு ரெண்டு பக்கம் கொடுங்கள் என்று மலர்க் குழுவிடம் கேட்டேன். "ரக்பியா? முட்டை ஷேப்ல பந்து வச்சிக்கிட்டு அடிச்சிக்குவாங்களே, அதுவா?" என்றார்கள். அதேதான். அந்த ஆட்டத்தில் 'ஸ்கிரம்' என்று ஒன்று உண்டு. அதன் முன் வரிசையில் நிற்கும் மூன்று பேரின் முதுகையும் கழுத்தையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள், விஷயம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு முதலில் ஸ்கிரம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்து கை தவறி முன்னால் விழுவது மாதிரி சின்னத் தப்பு நடந்தால், ஆட்டத்தை மறுபடி தொடங்க இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் கோத்து நின்று தள்ளும். 15 பேர் ஆட்டத்தில் பக்கத்துக்கு எட்டுப் பேர். முன் வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவர் ஹூக்கர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். அவருக்கு இரண்டு பக்கமும் பிராப். வாழை மரத்துக்கு முட்டுக் கொடுப்போமே, அந்த முட்டுதான் பிராப். இடது பிராப்பின் தலைக்கு இடப்பக்கம் எதிராளி யாரும் கிடையாது, காலி. அதனால் அவர் 'லூஸ் ஹெட்'. வலது பிராப்பின் தலை எதிரணி ஹூக்கருக்கும் பிராப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவர் 'டைட் ஹெட்'. நம்ம பக்கம் அதிகம் ஆடுவது ஏழு பேர் ஆட்டம். அதில் ஸ்கிரம்முக்கு வருவதே பக்கத்துக்கு மூன்று பேர். அதாவது முழு ஸ்கிரம்மும் முன் வரிசைதான்!

சரி, இந்த மூன்று பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நான் இரண்டு வருஷமாக ஒரு கிளப்பில் இடது பிராப்பாக நிற்கிறேன். பல அணிகளைப் பார்த்துவிட்டேன். "டேய் குண்டு, நீ முன்னாடி வா!" அவ்வளவுதான் தேர்வு. கழுத்து தடிமனாக இருந்தால் ஹூக்கர், தொந்தி இருந்தால் பிராப். பத்து நிமிஷம் குனியச் சொல்லிக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச். நம்ம ஒர்க்ஷாப்பில் முதலாண்டுப் பையன் சக் கீயை எடுக்காமல் லேத்தை ஆன் பண்ண விடுவார்களா? தோலை உரித்துவிடுவார் இன்ஸ்ட்ரக்டர். அதே பையனை மைதானத்தில் ஒரு வார்த்தை சொல்லித்தராமல் ஸ்கிரம்முக்குள் தள்ளுகிறோம். இதைத்தான் நான் கூடாது என்கிறேன்.

எவ்வளவு விசை என்று தெரிந்தால் நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கிரம் மெஷினில் அளவு கருவி பொருத்திப் பார்த்தார்கள். பெண்கள் அணி மோதிய கணத்தில் உச்ச விசை 8.7 கிலோநியூட்டன். சர்வதேசத் தரத்து ஆண்கள் அணி மோதியபோது 16.5 கிலோநியூட்டன். 9.81-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், நமக்குத்தான் அது கை வந்த கலையாயிற்றே. சுமார் 1,680 கிலோ எடைக்குச் சமம். பழைய மாருதி 800 இரண்டரை காரை அடுக்கி வைத்த மாதிரி. பின்னால் ஐந்து பேர் தள்ளுகிறார்கள், எதிரே எட்டுப் பேர் தள்ளுகிறார்கள், அத்தனையும் வந்து சேரும் இடம் மூன்று பேரின் தோளும் முதுகெலும்பும்.

இங்கே எடையா முக்கியம்? லாரி டயர் மாற்றும்போது ஜாக்கியைப் பார்த்திருப்பீர்கள். நேராக வைத்தால் சின்ன ஜாக்கி அத்தனை பெரிய லாரியைத் தூக்கும். கொஞ்சம் சாய்த்து வைத்தால்? நழுவும், லாரி இறங்கும், கீழே யார் கை இருந்தாலும் போச்சு. நூறு கிலோ பையன் முதுகைக் கூன் போட்டு நின்றால் அவன் சாய்ந்த ஜாக்கி. எழுபது கிலோ பையன் முதுகைத் தட்டையாக வைத்து நின்றால் அவன் நேர் ஜாக்கி. பின்னாலிருந்து வரும் தள்ளுவிசை அவன் இடுப்பு வழியாக, முதுகு வழியாக, தோள் வழியாக எதிரிக்குப் போய்விடும். கூன் போட்டவனிடம் அது நடுவிலேயே திசை மாறி, அவனைத் தரையை நோக்கி அமுக்கும், இல்லை நெஞ்சை மேலே பிதுக்கும்.

ஆகவே உடல் நிலை. கால்கள் தோள் அகலத்தில், விரல்கள் முன்னோக்கி, எடை முன்னங்காலில். முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே. பிறகு மடிய வேண்டியது இடுப்பில், முதுகில் அல்ல. நாற்று நடும் பெண்களைப் பாருங்கள், இடுப்பிலிருந்து மடிவார்கள். தள்ளும்போது முழங்கால் கோணம் 90-க்கும் 120 டிகிரிக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும். காலை முழுக்க நீட்டிவிட்டால் தள்ள மிச்சம் எதுவும் இல்லை, ஒரு அடி வழுக்கினால் மூக்கு தரையில். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் இழுத்து இறுக்க வேண்டும், நெஞ்சு தானாக முன்னே வரும். தோள் ஒருபோதும் இடுப்புக்குக் கீழே போகக்கூடாது. இது கோச்சின் ஆசை இல்லை சார், ஆட்ட விதியே அப்படித்தான். தலையும் தோளும் இடுப்பைவிடத் தாழக்கூடாது.

இனி கழுத்து. இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. தூண் நேராக இருந்தால் பலம், வளைந்தால் பக்ளிங் என்று ஆய்லர் ஃபார்முலாவோடு படிக்கிறோம். கழுத்தில் இருப்பது ஏழு எலும்பு, நடுவே மெத்தை போன்ற வட்டுகள். சாதாரணமாக அது முன்பக்கம் மெல்ல வளைந்திருக்கும். அந்த வளைவும் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தாடையை நெஞ்சில் ஒட்டிக் குனிந்தால் வளைவு போய்விடும், கழுத்து துண்டு துண்டான ஒரு நேர்க் குச்சியாகிவிடும். இப்போது உச்சந்தலையில் விசை விழுந்தால் அதை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் இல்லை. துண்டுகளுக்கு இடையே முறிந்து மடிகிறது. அமெரிக்கக் கால்பந்தில் தலையால் முட்டுவதை 1976-இல் தடை செய்ததற்குக் காரணமே இதுதான். தடைக்குப் பின் அங்கே முடமானவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஸ்கிரம்மில் கழுத்து உடைவது இந்த பக்ளிங்காலா, அல்லது அளவுக்கு மீறி முன்னால் மடிவதாலா என்று நிபுணர்களுக்குள் வாதம் உண்டு. வாதம் எப்படிப் போனாலும் பையனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தாடையை நெஞ்சிலிருந்து எடு, புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார். அண்ணாந்தும் பார்க்காதே, அதுவும் ஆபத்து.

ஹூக்கரின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய இரண்டு கையும் பிராப்புகளின் மேல் போட்டிருக்கும். கீழே விழுந்தால் ஊன்றிக்கொள்ளக் கை கிடையாது. பிராப்புக்காவது ஒரு கை வெளியே இருக்கிறது. இடது பிராப் அந்தக் கையை எதிராளியின் கைக்கு உள்பக்கமாகவும், வலது பிராப் வெளிப்பக்கமாகவும் விட்டு, எதிராளியின் ஜெர்சியை முதுகிலோ விலாப்பக்கமோ பிடிக்க வேண்டும். கையைப் பிடிப்பது, காலரைப் பிடிப்பது, கீழே இழுப்பது எல்லாம் குற்றம். பிடி நீளமாக இருந்தால் முதுகு தானாகத் தட்டையாகும். குட்டைப் பிடி பிடித்தால் முழங்கை தொங்கும், தோளும் கூடவே தொங்கும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித்தர எந்தக் கோச்சுக்கும் செலவு ஒரு ரூபாய் இல்லை.

சொல்லித்தரும் வரிசையும் முக்கியம். எடுத்த எடுப்பில் எட்டுக்கு எட்டு நிறுத்தித் தள்ளச் சொல்வது பாடம் இல்லை, கூத்து. முதலில் பாயில் நாலு காலில் நிற்கவையுங்கள். கை தோளுக்குக் கீழே, முழங்கால் இடுப்புக்குக் கீழே. முதுகின்மேல் ஒரு நேர்க் குச்சியை வையுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்புப் பக்கம் என்று மூன்று இடத்தில் அது தொட வேண்டும். குச்சி விழாமல் முழங்காலை நாலு விரல்கடை தூக்கிப் பத்து வினாடி நிற்கட்டும். அப்புறம் அப்படியே ஊர்ந்து போகட்டும். அதுவும் வந்த பிறகு ஒருவருக்கு ஒருவர், மெதுவாக, தோளைச் சேர்த்து வெறுமனே எடை தாங்கிப் பழகட்டும். அப்புறம் மூன்றுக்கு மூன்று. கோச் பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்க்க வேண்டும், முன்னால் நின்று கத்தினால் ஒன்றும் தெரியாது. பையன் களைத்துவிட்டால் முதலில் போவது முதுகின் நிலைதான். அப்போது நிறுத்திவிட வேண்டும், "இன்னும் ஒரு ரவுண்டு" கூடாது. கழுத்து வலிக்கிறது என்று ஒருவன் தரையில் கிடந்தால் நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்குகிற நம்ம ஊர் அன்பையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"பயிற்சியில் என்னப்பா ஆகிவிடும்?" என்பார்கள். மேட் ஹாம்ப்சன் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் இருந்த பிராப். 2005 மார்ச்சில் பயிற்சியின்போது ஸ்கிரம் சரிந்து கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது, மூச்சு விடவே கருவி தேவைப்பட்டது. தன்னைப் போல் அடிபட்ட இளைஞர்களுக்காக ஒரு அறக்கட்டளை நடத்தி வருகிறார் மனிதர். அது மேட்ச் இல்லை, தேசிய அளவு வீரர்களின் பயிற்சி. நம்ம மைதானத்துக்கு எந்த மூலை?

உலக ரக்பி அமைப்பே பயந்துதான் விதியை மாற்றிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் இரு அணியும் தூரத்திலிருந்து கிடா மாதிரி மோதும். 2007-இல் குனி, தொடு, நில், சேர் என்று நாலு கட்டளை வந்தது. 2013-இல் 'கிரவுச், பைண்ட், செட்' ஆனது. அதாவது குனி, எதிராளியின் ஜெர்சியைப் பிடி, அப்புறம் சேர். பிடித்துக்கொண்டு சேர்வதால் மோதல் விசை சுமார் கால் பங்கு குறைகிறது என்று அதே பாத் ஆய்வு காட்டியது. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது. நம்மில் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பையன்கள் பெரும்பாலும் அந்த வயதுதான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

விதி மட்டும் போதுமா? நியூசிலாந்து கதை வேறு சொல்கிறது. அங்கே 2001 முதல் 'ரக்பிஸ்மார்ட்' என்ற வகுப்பைக் கோச்சுகளுக்கும் நடுவர்களுக்கும் வருடா வருடம் கட்டாயமாக்கினார்கள். 2001 முதல் 2005 வரை, முந்தைய கணக்குப்படி சுமார் 19 முதுகுத்தண்டுக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்டன. நடந்தவை 8. ஸ்கிரம்மில் மட்டும் 9 எதிர்பார்த்த இடத்தில் ஒன்றே ஒன்று. ஆட்டத்தை நிறுத்தவில்லை, ஸ்கிரம்மை நீக்கவில்லை, குண்டுப் பையன்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. சொல்லித்தருகிறவருக்கு முதலில் சொல்லித்தந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். "எடை இல்லாமல் எப்படித் தள்ளுவே?" எடை வேண்டாம் என்று யார் சொன்னது? சரியான உடல் நிலையோடு எடையும் இருந்தால் அவன் ராஜா. "எங்க காலத்துல இதெல்லாம் பார்த்தோமா?" பார்க்கவில்லைதான். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியவர்களும் ஊரில் நிறைய பேர் உயிரோடு இருக்கிறார்கள். "நேரம் எங்கே இருக்கு, அடுத்த வாரம் டோர்னமென்ட்!" என்பதுதான் உண்மையான எதிர்ப்பு. அதற்கு என் பதில்: அப்படியானால் அடுத்த வாரம் தள்ளாதீர்கள். பயிற்சி பெற்ற முன் வரிசை ஆட்கள் இல்லை என்றால், போட்டியில்லாத ஸ்கிரம் என்று விதியிலேயே வழி இருக்கிறது. சேர்வார்கள், யாரும் தள்ளமாட்டார்கள், பந்தைப் போட்ட அணிக்கே பந்து. கேப்டன்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஏதோ பொண்ணு பார்க்கப் போய் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று சொல்கிற மாதிரி. பிராப்புக்கு அடிபட்டு வெளியே போனதும், "டேய், காலேஜ் மானம்டா, நீ போய் நில்லு" என்று ஓரத்தில் ஓடுகிற ஒல்லிப் பையனைத் தள்ளுவதும் நடக்கிறது. அந்தப் பையன் "எனக்கு முன் வரிசைப் பயிற்சி இல்லை சார்" என்று நடுவரிடமே சொல்லலாம். அது அவன் உரிமை. அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறவர்கள் அந்த இடத்தில் தாங்களே போய்க் குனிந்து காட்டட்டும்.

விளையாட்டுச் செயலாளர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கிரம் மெஷின் வாங்க நிதி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது? ஒரு சறுக்குச் சட்டம், அதன்மேல் எடைக்கு மணல் மூட்டை, முன்னால் தோளுக்கு மெத்தை வைத்த கைகள். கைகளின் உயரத்தை ஏற்றி இறக்க முடிய வேண்டும், அது மட்டும் கட்டாயம், இல்லாவிட்டால் குட்டைப் பையனும் நெட்டைப் பையனும் ஒரே உயரத்தில் முதுகைக் கெடுத்துக்கொள்வார்கள். சி-சேனலும் பைப்பும் நம்ம வெல்டிங் ஷாப்பின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடக்கின்றன. மெத்தைக்கு பஸ் சீட் தைப்பவரிடம் போனால் ரெக்சினோடு முடித்துக் கொடுப்பார். மூன்றாமாண்டு ப்ராஜெக்டாகவே இதை எடுத்துக்கொள்ள எங்கள் பேட்சில் நாலு பேர் தயார். டிராயிங் நான் போட்டுத் தருகிறேன்.