'நிறுத்து' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்!



ஒரு கம்ப்யூட்டர் புராஜெக்ட் தோற்றுப்போனால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? "புரோகிராம் எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியலைப்பா!" இது பாதி உண்மைதான். மீதிப் பாதி, புராஜெக்டை நடத்தியவர்களிடம் இருக்கிறது என்பது என் கட்சி.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வரும் அழைப்பைத் தாளில் எழுதி, ஆட்களே பார்த்து வண்டியை அனுப்பிவந்த இடம் அது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று 1992 அக்டோபர் 26-ல் மாற்றினார்கள். என்னாச்சு? எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரியவில்லை! ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. காத்திருந்து சலித்தவர்கள் மறுபடியும் போன் செய்ய, நெரிசல் இன்னும் கூடியது. மறுநாளே பாதி வேலையைப் பழைய முறைக்கு மாற்றினார்கள். நவம்பர் 4-ல் சிஸ்டம் மொத்தமாகவே நின்றுபோனது. புரோகிராமர் விட்டுவைத்த ஒரு சின்னத் துண்டு, ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொண்டது. திருப்பித் தரவே இல்லை.

ஆனால் 1993 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, அந்தப் புரோகிராமரோடு கதையை முடிக்கவில்லை. நடக்காத கெடு, குறைந்த விலைக்கே முதல் மரியாதை, முழுச் சுமை கொடுத்துச் சோதிக்காதது, தரம் பார்க்க வெளியாள் இல்லாதது என்று பட்டியல் நீள்கிறது. தீராத குறைகள் 81 இருக்கும்போதே தொடங்கியிருக்கிறார்கள்! அத்தனை பெரிய அலுவலகத்தில் 'நிறுத்து' என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே!

"மேற்பார்வை, கமிட்டின்னு வந்தா பேப்பர் வேலைதான் ஜாஸ்தி" என்பீர்கள். கமிட்டி கூடி டீ குடித்துக் கலைவதை நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள் போதும். பொறுப்பு யாருக்கு? தினமும் பயன்படுத்தப் போகிறவர் ஒப்புக்கொண்டாரா? எந்தச் சோதனையில் தவறினால் நிறுத்துவது? இந்த மூன்றையும் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கெடு நெருங்கிய பிறகு யாருக்கும் வாய் வராது.

நம்ம இறுதியாண்டு புராஜெக்டுக்கும் இதேதான். டெமோவுக்கு முந்தின ராத்திரி "ஓடுச்சுன்னா போதும்டா" என்று கும்பிடுவதைவிட, முதல் வாரமே பேட்ச்சில் ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாளைக்கு நாம் எழுதப்போகும் புரோகிராமை நம்பி ஒரு ஆம்புலன்ஸ் ஓடலாம்.

பதறாத காரியம் சிதறாது!